அலர் க்ரீமில் பூசணம்

மூடியைத் திறந்தவள் லீலாவதம்மாவின் மருமகள். உள்ளே பார்க்காமல் விரலை விட்டவளும் அவளேதான். மாதர் சமாஜத்துப் பெண்கள் ஜமக்காளத்தில் வட்டமாக உட்கார்ந்திருக்க, விரலில் வந்ததைக் கன்னத்தில் இழுத்துவிட்டுக் கைக்கண்ணாடியைப் பார்த்தாள். அதன்பின் அவள் போட்ட கூச்சல் சம்பிகே ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

கன்னத்தில் இருந்தது க்ரீம் இல்லை. பச்சையும் கறுப்புமாக ரோமம் முளைத்த ஒரு படலம். அதன் கீழே கொழகொழவென்று நீர் வழிந்தது. நாற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் அந்தக் கூடத்தில் இருந்தவர்களை அது விடவில்லை. கோடைக்கு ஊருக்குப் போனவர்கள் மறந்துவிட்டுப்போன தயிர்ப் பாத்திரத்தைத் திரும்பி வந்து திறந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது, அதில் பன்னீர் வேறு கலந்து.

பன்னீர் வாசனை இல்லாமல் வெறும் நாற்றமாக இருந்திருந்தால் கூடத் தாங்கியிருக்கலாம் என்று, அதைக் காய்ச்சிய அலர்மேல்மங்கைக்கு, எல்லாரும் அலமேலு என்று கூப்பிடுகிறவளுக்கு, தோன்றியது. அவள் கையால் அளந்து விட்ட பன்னீர் அது.

"சீ சீ! கொளெது நாருத்தே!" என்று, அழுகி நாறுகிறதைக் கன்னடத்தில் சொல்லி, ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

"ஜிரலே! ஜிரலே காலு!" என்றாள் இன்னொருத்தி, சீசாவுக்குள் எட்டிப் பார்த்து. கரப்பான்பூச்சியின் கால் என்றதும் கூட்டம் கலைந்துவிட்டது. படலத்தின் நடுவே கறுப்பாக, சவசவவென்று ஏதோ ஒன்று கிடக்கத்தான் கிடந்தது. மருமகள் கொல்லைப்புறத்துக்கு ஓடினாள். அவள் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

சீசாவின் மேல் ஒட்டியிருந்த லேபிளில், அலமேலுவின் நாத்தனார் ராஜலக்ஷ்மி அழகாக எழுதிய எழுத்தில், 'அலர்' என்று பெயர் இருந்தது.

சென்ற வாரங்களில் இந்தக் குடும்பத்தோடு கூடவே நடந்து வந்தவர்களுக்கு இந்தக் காலைக்காக அலமேலு என்ன பாடுபட்டாள் என்று தெரியும். இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, மல்லேஸ்வரத்தில் ஒரு வைஷ்ணவக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு, ரசம் கொதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். புருஷன் அனந்தபத்மநாபன் புது விதான சௌதாவில் குமாஸ்தா. மாமியார் இல்லை. மாமனார் வெங்கடராமன் பழைய மைசூர் சர்க்காரில் ரெவின்யூ இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் பெருமாளுக்கு அடுத்தபடி அவர்தான்.

தேன்மெழுகு, தேங்காயெண்ணெய், கிளிசரின், பன்னீர் இவற்றை வைத்து அலமேலு, விறகு அடுக்கியிருந்த பின்னறையை ஒழித்து, முகத்துக்கு க்ரீம் காய்ச்சினாள். சமாஜத்துத் தலைவி லீலாவதம்மா பூசிப் பார்த்தாள், பிடித்துப்போயிற்று. சமாஜத்தில் பெண்களுக்கு க்ரீம், சோப்பு செய்யக் கற்றுக்கொடுக்க ஒரு வகுப்பு ஆரம்பிக்கலாம், அலமேலுவே டீச்சராக இருக்கட்டும் என்று பேச்சு எழுந்தது. இன்றைக்கு எல்லாரும் பூசிப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியது. அனந்தபத்மநாபனும் ஒரு முடிவு சொல்லியிருந்தான். "சமாஜத்துல சரின்னா நீ நடத்து. இல்லேன்னா அந்தப் பின்னுள்ளுல பழையபடி விறகை அடுக்கிடலாம். ரெண்டும் கெட்டானா இழுத்துண்டு இருக்க வேண்டாம்." கத்திச் சொல்லவில்லை. அவன் எதையும் கத்திச் சொல்கிறவன் இல்லை, அதனாலேயே அவன் சொன்னதை மாற்ற முடியாது.

ஆக, சீசாவில் அழுகிக் கிடந்தது க்ரீம் மட்டும் இல்லை.

"ஏனம்மா இது?" என்றாள் லீலாவதம்மா. அவளுக்குத் தமிழ் அக்கம்பக்கத்தில் பேசிப் பழகிய தமிழ். "கெடாம இருக்க ஏதோ பொடி போடறேன்னு சொன்னியல்லா? பிரிசர்வேட்டிவ்வோ ஏதோ?"

"போட்டேன் அம்மா. சூடான பன்னீர்ல கரைச்சு, அளந்து போட்டேன்."

"போட்டிருந்தா இப்படி ஆகுமா?"

பின்னாலிருந்து ஒரு குரல், "மிச்சம் பிடிச்சிருப்பா" என்றது. யார் என்று அலமேலு திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தில் அறைந்திருந்தால் கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

லீலாவதம்மா சீசாவை ஒரு பேப்பரில் சுற்றி, இரண்டு விரலால் பிடித்து அவளிடம் நீட்டினாள். "நானு சாயங்காலம் உங்க மனைக்கு வர்றேன். ஏன் இப்படி ஆச்சுன்னு காரணம் சொல்லணும். தெரியல்லேன்னு சொன்னியோ, கிளாஸ் இல்லை. என் மருமகள் மூஞ்சியில பூசணத்தைப் பூசி அனுப்பினவ கிட்ட நாலு பெண்ணுகளை நான் எப்படி அனுப்பறது?"

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் அலமேலுவுக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது, கூட வந்திருந்த நாத்தனார் ராஜி பேசவே இல்லை. பத்தொன்பது வயசுப் பெண், வழக்கமாக வாய் மூடாதவள். பூக்கடை தாண்டும்போது மட்டும், "மன்னி, அந்தப் பொட்டலத்தை எங்கேயாவது விட்டெறிஞ்சுடேன், குமட்டறது" என்றாள்.

"எறிய மாட்டேன். இதுக்குள்ளதான் காரணம் இருக்கு."

பின்னுள்ளில் மீதி சீசாக்கள் அலமாரியில் வரிசையாக நின்றன. அலமேலு ஒவ்வொன்றாகத் திறந்தாள். திறக்கத் திறக்க அறை நாறியது. ஒன்றில் பச்சை, ஒன்றில் சாம்பல் நிறம், ஒன்றில் ரோஜா நிறத்தில் கொப்புளம் கொப்புளமாக. அந்த ரோஜா நிறம்தான் எல்லாவற்றையும் விட அருவருப்பாக இருந்தது, பார்க்க அழகாக இருந்ததனால். ராஜி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள்.

அப்புறம் அலமேலு அடுப்படி அலமாரியில் இருந்த ஈயம் பூசிய பாத்திரத்தை எடுத்து வந்தாள். அன்றைக்குக் காய்ச்சியதில் சீசாக்களில் அடைத்தது போக மீந்ததை அதில் வழித்துத் தட்டு போட்டு மூடி வைத்திருந்தாள். தட்டை எடுத்தாள். வெண்ணெய் மாதிரி வெளுப்பாக, பன்னீர் வாசனையோடு, ஒரு புள்ளி கூட இல்லாமல் இருந்தது. விரலில் தொட்டுப் புறங்கையில் தேய்த்தாள். நல்ல க்ரீம்.

"ஒரே காய்ச்சல்தானே ராஜி? ஒரே பொடி, ஒரே கரண்டி. இது மட்டும் எப்படி நன்னா இருக்கு?"

"சீசா அழுக்கா இருந்திருக்குமோ?" என்றாள் ராஜி. சீசாக்கள் சிவாஜிநகரில் பழைய பாட்டில் கடையில் வாங்கியவை. யார் யாரோ தலைக்குப் பூசிய வாசனைப் பசை இருந்த சீசாக்கள்.

"ஒவ்வொண்ணையும் வெந்நீர்ல கொதிக்க வெச்சேன். நீதானே வெயில்ல கவுத்தே?"

ராஜி சீசாக்களைப் பார்க்காமல் முந்தானை நுனியை முறுக்கினாள்.

அலமேலு பொட்டலத்தைப் பிரித்தாள். சமாஜத்தில் கரப்பான்பூச்சியின் கால் என்று பேர் வாங்கிய அந்தக் கறுப்பு வஸ்துவை ஒரு ஈர்க்குச்சியால் எடுத்து, கிண்ணத்துத் தண்ணீரில் அலசினாள். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் அலசினாள். வழவழப்பெல்லாம் கழன்றுபோனபின் அது விரிந்தது. நடுவில் ஒரு நரம்பு, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன நரம்பு. மோந்து பார்த்தாள். அத்தனை நாற்றத்துக்கு அடியிலும், லேசாக, பச்சைக் கர்ப்பூரம்.

துளசி.

பன்னீரில் துளசி கிடையாது. தேன்மெழுகில் பச்சைக் கர்ப்பூரம் கிடையாது. இரண்டும் சேர்ந்து இருக்கும் இடம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான்.

"ராஜி, க்ரீம் காய்ச்சின அன்னிக்கு, சமாஜத்துக்குன்னு முதல் முதல்ல பண்ணினது, பெருமாள் உள்ளுல ஒரு ராத்திரி இருக்கட்டும்னு அப்பா சொன்னாரே. சூடு ஆறணும்னு நான் மூடாம வெச்சேன். காலம்பற பார்த்தா எல்லாத்துக்கும் மூடி போட்டிருந்தது. யார் போட்டா?"

ராஜிக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்பாதான் மன்னி. நான் பார்த்தேன். திருவாராதனம் ஆனதும் தீர்த்த வட்டிலை எடுத்துண்டு வந்து, ஒவ்வொரு சீசாவிலயும் ஒரு உத்தரணி தீர்த்தம் விட்டார். அப்புறம் தானே மூடியும் போட்டார். நல்லதுதானேன்னு இருந்துட்டேன். இப்படி ஆகும்னு எனக்கு என்ன தெரியும்?"

அன்று காலை, மூடி போட்ட சீசாக்களைப் பார்த்து அலமேலு நெகிழ்ந்துபோயிருந்தாள். மாமனாருக்குத் தன் வேலையில் இவ்வளவு அக்கறையா என்று சந்தோஷப்பட்டு, மூடிகளைத் திறந்துகூடப் பார்க்காமல் லேபிள் ஒட்டச் சொன்னாள். இப்போது அந்தச் சந்தோஷத்தை நினைத்தாலே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வெங்கடராமன் கூடத்தில் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் மறைக்கவில்லை. மறைக்கிற காரியம் என்று அவர் நினைக்கவே இல்லை.

"ஆமாம், சேர்த்தேன். என்ன இப்போ? கண்ட கண்டவா தொட்ட சீசா. மாம்சம் திங்கற கையோ, சாராயம் குடிக்கற கையோ! வெந்நீர்ல போட்டா அழுக்குப் போகும், தீட்டுப் போகுமா? போறாததுக்கு நீ அந்தப் பொடியை வேற போட்டிருக்கே. கெட்டுப்போகாம இருக்க மருந்து போடறது ஆஸ்பத்திரியில பொணத்துக்கு. அதை மூஞ்சியில பூசிக்கச் சொன்னா எனக்குக் குமட்டறது. சரி, பொண்ணு ஆசையாப் பண்றா, பெருமாள் தீர்த்தம் பட்டா எல்லாம் சுத்தியாயிடும்னு விட்டேன். உன் நன்மைக்குத்தான்."

"அந்தப் பொடி க்ரீமுக்குள்ள கரைஞ்சிருக்கு அப்பா. மேல தனியா நிக்கற தண்ணிக்கு அது காவல் இல்லே. அதுல இலை வேற. மூடியையும் இறுக்கிப் போட்டாச்சு. அழுகாம என்ன பண்ணும்?"

"அழுகறதா!" பேப்பர் கீழே விழுந்தது. "எதைச் சொல்றே அழுகறதுன்னு?"

"நம்மாத்து மாவடு ஜாடியில ஈரக்கையை விட்டா நீங்க யாரையாவது சும்மா விடுவேளா?"

இது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. மாவடு ஜாடியை அவர் காவல் காக்கிற காவல் தெருவுக்கே தெரியும். போன வருஷம் ஈரக்கரண்டி போட்டதற்காக ராஜியை அழ வைத்தவர் அவர். 

"ஊறுகாய் ஜாடியும் தீர்த்தமும் ஒண்ணா?" என்றார் கடைசியில். "தீர்த்தம் பட்டு ஒரு வஸ்து கெட்டுதுன்னு இந்தக் குடும்பத்துல ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லே. சொல்றவா நாக்கு அழுகும்."

அலமேலுவும் அந்தத் தீர்த்தத்தைத் தினம் மூன்று முறை கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடிக்கிறவள்தான். அதைக் குற்றம் சொல்ல அவளுக்கும் நாக்கு கூசியது. ஆனால் கையில் துளசி இலை இருந்தது. அது நாறிற்று. இரண்டும் நிஜமாக இருந்தால் அவள் என்னதான் செய்வாள்?

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. லீலாவதம்மா சொன்னபடி வந்துவிட்டாள்.

ராஜி காபி கொண்டுவந்து வைத்தாள். லீலாவதம்மா அதைத் தொடவில்லை. காலையில் பார்த்ததற்குப் பிறகு அந்த வீட்டில் எதையும் வாயில் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஹேளம்மா. காரணம் சிக்கித்தா?"

"கிடைச்சுது அம்மா," என்றாள் அலமேலு. "க்ரீம் மேல தண்ணி பட்டிருக்கு. நான் அடைச்சதுக்கு அப்புறம். பொடியில குறைவு இல்லே, இதோ மீந்த க்ரீம் பாத்திரத்துல நன்னா இருக்கு, பாருங்கோ. ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு சீசாவையாவது நான் திறந்து பார்த்திருக்கணும். பார்க்காதது என் தப்பு."

லீலாவதம்மா பாத்திரத்தைப் பார்த்தாள், மோந்தாள், தலையாட்டினாள். "தண்ணி யாரு விட்டது?"

அலமேலு வாயைத் திறப்பதற்குள் வெங்கடராமன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"நான் விட்டேன். தண்ணி இல்லே, பெருமாள் தீர்த்தம். அதுல தோஷம் கிடையாது. தோஷமெல்லாம் இவ போட்ட பொடியில. வேணும்னா பாருங்கோ, இப்பவே நிரூபிக்கறேன்."

சொல்லிக்கொண்டே, அலமேலு காட்டுவதற்காகக் கொண்டுவந்து ராஜியின் பக்கத்தில் பேப்பர் மேல் வைத்திருந்த சீசாவை எடுத்தார். அலமேலு "அப்பா, வேண்டாம்!" என்று எழுந்து வருவதற்குள் இரண்டு விரலை உள்ளே விட்டு, அந்தப் பச்சைப் படலத்தையும் அதன் கீழ் நீரையும் சேர்த்து எடுத்து, தன் இரண்டு கன்னத்திலும் பூசிக்கொண்டார். மோவாயில் வழிந்தது. மேலுதட்டில் ஒரு கீற்று ஒட்டிக்கொண்டது.

"என்ன ஆச்சு எனக்கு? ஒண்ணும் ஆகலையே!"

ராஜி வீறிட்டாள். லீலாவதம்மா "ராம ராமா!" என்று கண்ணை மூடிக்கொண்டாள். திருமண்ணும் ஸ்ரீசூர்ணமும் பளிச்சென்று துலங்கிய முகத்தில், அதற்குக் கீழே, அழுகல். பார்க்கச் சகிக்கவில்லை. பிடிவாதம் ஒரு மனுஷனை எந்த மட்டுக்கும் கொண்டுபோகும் என்று நான் அறிவேன், ஆனாலும் இதை எழுதும்போது என் கையே கூசுகிறது.

அவர் நிமிர்ந்து நின்றார். மூச்சை இழுத்துவிட்டு மேலே பேசப் போனார். மூச்சை இழுத்ததுதான் தப்பாகப் போயிற்று. நாற்றம் அவருடைய மூக்குக்கு நேர் கீழே இருந்தது. கண்கள் அகன்றன. தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு தடவை மூச்சு விடாமல் சமாளிக்கப் பார்த்தார். பிறகு அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார்.

அலமேலு பின்னாலேயே ஓடினாள். அவர் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். மடி, ஆசாரம் என்று மருமகள் கையிலிருந்து டம்ளரைக்கூட நேராக வாங்காத மனுஷர். அவள் யோசிக்கவில்லை. ஒரு கையால் அவர் நெற்றியைத் தாங்கி, மறு கையால் முதுகைத் தடவினாள். அவர் உதறவில்லை. அவள் வாளித் தண்ணீரை எடுத்து, கடலைமாவு கொண்டுவரச் சொல்லி, அந்தக் கன்னங்களைத் தானே தேய்த்துக் கழுவினாள். வழவழப்பு லேசில் போகவில்லை. அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது, எது எப்போது வந்தது என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

"நாத்தம் தாங்கலைடி, அலமேலு," என்றார் அவர், வாயைக் கொப்புளித்துவிட்டு.

"ஆமாம் அப்பா."

"அந்தப் பொண்ணு மூஞ்சியிலயும் இதுவா பட்டுது?"

"ஆமாம்."

அவர் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்ல, "அவ கிட்ட நான் தீர்த்தம்னு சொல்லிட்டேன். சபையில சொல்லும்போது அப்படிச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கோ. கிழவன் கையைப் போட்டுக் கெடுத்துட்டான்னு சொல்லட்டும்" என்றார்.

அலமேலு கூடத்துக்குத் திரும்பி அதை அப்படியே சொன்னாள். லீலாவதம்மா வீட்டிலும் தேவர மனை என்று பூஜை அறை உண்டு, அங்கேயும் தீர்த்தம் உண்டு.

"ஆகட்டும். சபையில அந்த மாத்து, தீர்த்தம்கற அந்த வார்த்தை, நான் எடுக்கலை," என்றாள். "ஆனா கேளு. கை யாரோடதா இருந்தாலும் கைதான். நாளைக்கு இன்னொரு நல்ல எண்ணம் வந்து, இன்னொரு தடவை விட்டா? நீ கிளாசுக்குச் செய்யற சாமான் எல்லாம் இந்த மனையிலதானே இருக்கும்? அந்த ரூமுக்குப் பூட்டு போடு. சாவி உன் கிட்ட மட்டும் இருக்கட்டும். உங்க யஜமானரு கிட்டயும் வேண்டாம், மாவனாரு கிட்டயும் வேண்டாம். அப்படின்னா கிளாஸ் நடக்கும். இல்லேன்னா மன்னிச்சுக்கோ."

"போடச் சொல்லுங்கோ," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வெங்கடராமன் ஈரத் தலையோடு நின்றிருந்தார். கன்னம் தேய்த்த தேய்ப்பில் சிவந்திருந்தது. "நானே போய் வாங்கிண்டு வரேன்."

கோட்டை மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு அவர் வாசலில் இறங்கவும், அனந்தபத்மநாபன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்குள் நுழையவும் சரியாக இருந்தது.

"எங்கேப்பா இந்நேரத்துல?"

"பூட்டு வாங்க."

"எதுக்குப் பூட்டு?"

"அலமேலு ரூமுக்கு. நான் உள்ளே போகாம இருக்க." சொல்லிவிட்டு அவர் நிற்காமல் நடந்தார்.

அனந்தபத்மநாபன் சைக்கிளை ஸ்டாண்டில் போடவில்லை. தெருவில் போகிற அப்பாவின் முதுகைப் பார்த்தான், நாற்காலியில் உட்கார்ந்திருந்த லீலாவதம்மாவைப் பார்த்தான், கடைசியில் மனைவியைப் பார்த்தான். குரல் உயரவில்லை.

"அவர் கட்டின வீட்டுல அவருக்கே பூட்டா, அலமேலு?"

அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். எத்தனை கழுவியும் அந்த நாற்றம் விரலை விட்டுப் போகவில்லை.

"ஆமாம்," என்றாள்.